எடை குறைந்தது, தொப்பை குறையவில்லை!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் மனக்குமுறல்)

"மலருக்குப் பக்கம் நிரம்பலைடா, ஒரு கவிதை குடு" என்று பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டபோது, "கவிதைக்கு வேற ஆள் பாரு. எனக்கு ஒரு சண்டை இருக்கு, அதை வேணா எழுதித் தர்றேன்" என்றேன். "யாரோட சண்டை?" என்றான். "உங்களோடதான்" என்றேன். சிரித்துக்கொண்டே நாலு பக்கம் ஒதுக்கிவிட்டான். நல்ல மனிதன், வாழ்க!

ஆகவே நண்பர்களே, தோழியரே, ஆசிரியப் பெருமக்களே, இந்தக் கட்டுரையில் நிலா வராது, அவளும் வரமாட்டாள். தராசு வரும், முட்டை வரும், துருப்பிடித்த இரும்பு வரும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

போன வருடம் பேரவை விழாவை ஒட்டி ஒரு போட்டி வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? '30 நாளில் எடை குறைப்பு!' நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். முதல் நாள் ஹாஸ்டல் மெஸ் ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டை நிறுக்கும் அதே தராசில் ஏற்றி எழுதிக்கொண்டார்கள். 30-ம் நாள் மறுபடி ஏற்றினார்கள். யாருக்கு அதிகமாகக் குறைந்ததோ அவருக்குப் பரிசு. 23 பேர் சேர்ந்தோம். என் உயரம் 171 சென்டிமீட்டர், அன்றைய எடை 88 கிலோ. முதலாம் ஆண்டிலிருந்து எனக்கு 'ரோடு ரோலர்' என்று பெயர். சிவில் பசங்க வைத்தது. அவர்களுக்குப் பாடத்திலேயே வருகிறதல்லவா!

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெயரைக் கேட்டால் நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அதனால் இந்தப் போட்டியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் கட்டஞ்சாயா. மதியம் இரண்டு கரண்டி ரசம் சாதம். ராத்திரி வெள்ளரிக்காய். சாயங்காலம் கிரவுண்டில் 12 ரவுண்டு ஓட்டம். கடைசி இரண்டு நாள் தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தேன். கடைசி நாள் மத்தியான வெயிலில் ரூம்மேட்டின் ஊட்டி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடினேன். எடை பார்க்கும்போது 79 கிலோ. 30 நாளில் 9 கிலோ! எனக்கு இரண்டாம் பரிசு. என்ன பரிசு தெரியுமா? ஹாட்பாக்ஸ். ஒரு மாதம் சாப்பிடாமல் இருந்தவனுக்குச் சாப்பாடு சூடாக வைத்துக்கொள்ளப் பாத்திரம் கொடுத்த பெருமை நம் பேரவையையே சாரும்.

கைதட்டினீர்கள். நானும் கையசைத்தேன். அதற்கு ஒரு வாரம் கழித்து நடந்தது பாதிப் பேருக்குத் தெரியாது.

மெஷின் ஷாப்பில் லேத்தில் நின்றிருந்தேன். ஸ்டெப் டர்னிங். சக் சுற்றிக்கொண்டிருக்கிறது. அளவு பார்க்கக் குனிந்தேன், கண் இருட்டியது. அப்புறம் நினைவில் இருப்பது, யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததும், மெயின் சுவிட்சை அணைக்கிற சத்தமும்தான். இன்ஸ்ட்ரக்டர் சார் முகத்தில் ரத்தமே இல்லை. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். "டீ சார்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஓடுகிற சக்கில் சட்டைக் கை மாட்டினால் என்ன ஆகும் என்று முதல் வருடத்திலேயே நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் முன்பக்கம் சாயாமல் பக்கவாட்டில் சாய்ந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

லீவுக்கு ஊருக்குப் போனேன். எங்களுக்கு ஒரு சின்ன மாவு மில் உண்டு. கேழ்வரகு மூட்டை, 50 கிலோ, டி.வி.எஸ். 50-லிருந்து இறக்கி மேடையில் வைப்பது பள்ளி நாளிலிருந்து என் வேலை. அன்றைக்கு மூட்டையை மார்போடு அணைத்தேன், தூக்கினேன், முழங்கால் ஆடியது, கீழே வைத்துவிட்டேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "ஆளு பாதியாப் போய்ட்ட. தொப்பை மட்டும் முழுசா இருக்கேடா!" என்றார்.

என் சண்டையே இந்த ஒரு வரிதான். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நம் பேரவைக்கும் தராசுக்கும் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். (எஞ்சினியரிங் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் கவனிக்க.) ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. எனக்கு ஒரு நாளைக்கு உத்தேசமாக 2,700 கலோரி செலவு. சாப்பிட்டது 1,000 என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை நாளைக்கு 1,700. 30 நாளைக்கு 51,000. இதை 7,700-ஆல் வகுத்தால் ஆறரை கிலோ சொச்சம். குறைந்ததெல்லாம் கொழுப்பே என்று வைத்துக்கொண்டாலும், 9 கிலோவில் மீதி இரண்டரை எங்கே போனது? தண்ணீர்! தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்று மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. அது கரையும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஸ்வெட்டர் ஓட்டத்தில் போனது வேறு. அதெல்லாம் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டாலே திரும்பி வந்துவிடும், வந்தும் விட்டது. சரி, அந்த ஆறரை கிலோ? அதுவும் முழுக்கக் கொழுப்பு இல்லை. ஒரு பங்கு தசை. மூட்டை தூக்கிய தசை. அதைத்தான் நான் கொடுத்து ஹாட்பாக்ஸ் வாங்கினேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944-45-ல் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்து உட்பட்டார்கள். 24 வாரம் நாளைக்குச் சுமார் 1,570 கலோரிதான் சாப்பாடு, கூடவே நிறைய நடை. எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போயிற்று. பலம் போயிற்று, எப்போதும் குளிர், எரிச்சல், நினைப்பெல்லாம் சாப்பாடு. மறுபடி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தபோது முதலில் ஓடிவந்து உட்கார்ந்தது கொழுப்பு. தசை பின்னால் மெதுவாகத்தான் வந்தது. 1,570 கலோரிக்கே இந்தக் கதி, நண்பர்களே. நான் சாப்பிட்டது 1,000!

லீவு முடிந்து வந்ததும் பி.டி. சாரிடம் போனேன். நம் பி.டி. சார் அதிகம் பேசமாட்டார், அன்றைக்குப் பேசினார். "டேய், வேலை இல்லாத ஆளை எந்த முதலாளியாவது சம்பளம் குடுத்து வெச்சிருப்பானா? வருமானம் குறைஞ்சா முதல்ல அவனைத்தான் நிறுத்துவான். உடம்பும் அப்படித்தான். தசைக்குத் தீனி ஜாஸ்தி. வேலையும் குடுக்காம, சாப்பாடும் குடுக்காம இருந்தா, அதைத்தான் கழிச்சுக் கட்டும். தசைக்கு வேலை இருக்குன்னு காட்டு. அப்புறம் உடம்பு ஸ்டாக்குல இருக்கிற கொழுப்பை எடுத்துச் செலவு பண்ணும்." இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

"அப்ப ஓடக் கூடாதா சார்?" என்றேன். "ஓடு. யார் வேணாம்னது? நெஞ்சுக்கு நல்லது. ஆனா ஓட்டத்தை மட்டும் நம்பாத. அதுல காலைத் தவிர வேற யாருக்கும் பெரிசா வேலை கிடையாது."

அவர்தான் அந்த அறையைத் திறந்துவிட்டார். ஆடிட்டோரியத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது ஸ்கிராப் ரூம். நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு இரும்பு பார், ஒரு பெஞ்ச், துருப்பிடித்த பிளேட்டுகள். இரண்டரை கிலோ, 5 கிலோ, 10 கிலோ. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, எமரி பேப்பர் போட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் ரூம்மேட்டும் வேலை பார்த்தோம். பாரை மட்டும் மெஸ் தராசில் நிறுத்தோம். 18 கிலோ. அந்தத் தராசு செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

வாரத்தில் மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம். செய்தது ஐந்தே ஐந்து. பாரைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது (ஸ்குவாட் என்பார்கள், நம் தாத்தா காலத்து பஸ்கிதான்), தரையில் கிடக்கும் பாரை நிமிர்ந்து தூக்குவது (டெட்லிஃப்ட், எங்கள் மூட்டை இதுதான்), பெஞ்சில் படுத்துத் தள்ளுவது, நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது, குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றும் எட்டு எட்டாக மூன்று தடவை. மூன்று தடவையும் எட்டு முழுசாக வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டரை கிலோவோ ஐந்தோ கூட்ட வேண்டும். வரவில்லையா, கூட்டக் கூடாது. இந்தப் படிப்படியாகக் கூட்டும் முறைதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களின் கால் தசைகளைத் தேற்ற தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் இதே வழியைக் கையாண்டு 1945-ல் எழுதியும் வைத்தார்.

முதல் வாரம் வெறும் பார். அதுவே என்னை உட்கார வைத்துவிட்டது. மறுநாள் ஹாஸ்டல் படிக்கட்டில் பின்புறமாக இறங்கினேன், அவ்வளவு தொடை வலி. பார்த்தவர்களெல்லாம் 'ரோடு ரோலர் ரிவர்ஸ் எடுக்குது' என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பின்னால் ஆள் நிற்காமல் பெஞ்சில் படுத்து எடை தள்ளாதீர்கள். முதுகு வளைந்தபடி தரையிலிருந்து தூக்காதீர்கள். மூட்டு, முதுகு, இருதயம் என்று ஏதாவது கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். செல்போனில் வருகிற அரை நிமிட வீடியோவில் ஒருவன் 150 கிலோ தூக்குவதைப் பார்த்துவிட்டு அதே சாயங்காலம் வந்து 60 கிலோவைப் போட்டு முதுகைப் பிடித்துக்கொண்ட எலெக்ட்ரிகல் நண்பர் ஒருவர் நம் மத்தியிலேயே இருக்கிறார். அவருக்கு இப்போது சுகம்.

சாப்பாடு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

எடை தூக்கினால் மட்டும் போதாது, தசைக்குப் புரதம் வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கிற காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாக வேண்டும். சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்னது. எடை தூக்கிக்கொண்டே கொழுப்பைக் குறைப்பவனுக்கு அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 1.6 கிராம் வரை வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. 40 வாலிபர்கள், நாலு வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவான சாப்பாடு, வாரத்தில் ஆறு நாள் கடுமையான பயிற்சி. பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 2.4 கிராம். முதல் கூட்டத்துக்குக் கொழுப்பு மூன்றரை கிலோ குறைந்தது, தசை போகாமல் அப்படியே நின்றது. இரண்டாவது கூட்டத்துக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடியும் விட்டது! பட்டினிக்கு நடுவில் கூடுகிறது, கவனியுங்கள். (அவர்களுக்குப் பயிற்சியாளர் உண்டு, அளந்து கொடுத்த சாப்பாடு உண்டு. நமக்கு உண்டா?)

நம் மெஸ்ஸைப் பாருங்கள். காலையில் இட்லி அல்லது பொங்கல். மதியம் சாதம், சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர், ஒரு பொரியல். ராத்திரி மறுபடி சாதம் அல்லது கோதுமை தோசை. வாரத்துக்கு ஒரு முறை முட்டை, அதையும் இரண்டாக வெட்டிப் பாதிதான் வைப்பார்கள். மீதிப் பாதி எங்கே போகிறது என்று ஒரு தனிக் கட்டுரை எழுதலாம், மலரில் இடமில்லை. இதைச் சாப்பிட்டால் வயிறு நிறையும், புரதம் 50 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். குற்றம் அரிசி மேல் இல்லை. அரிசியோடு வரவேண்டிய பருப்பு வரவில்லை, அதுதான் குற்றம்.

நான் செய்தது இதுதான். மூன்று தட்டு சாதத்தை ஒன்றரை ஆக்கினேன், நிறுத்தவில்லை. பெட்டிக்கடையில் நாலு முட்டை வாங்கி வாட்ச்மேன் அண்ணன் அடுப்பில் வேகவைத்துக்கொண்டேன், 24 கிராம் புரதம். சோயா உருண்டை 50 கிராம், 26 கிராம் புரதம். ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, 10 கிராம். அரை லிட்டர் பால், 16 கிராம். இட்லி, சாதம், சாம்பார், தயிர் எல்லாம் சேர்த்து ஒரு 25 கிராம். கூட்டினால் நூறு சொச்சம். என் எடைக்கு 130 வேண்டும், வரவில்லை. வந்தவரை லாபம் என்று விட்டுவிட்டேன். டவுனில் ஒரு ஜிம்மில் போய்க் கேட்டபோது அங்கே இருந்த மாஸ்டர், டப்பாவில் ஒரு பொடியைக் காட்டி, "இது இல்லாம ஒண்ணும் நடக்காது தம்பி" என்றார். விலை என் ஒரு மாத மெஸ் பில்லைவிட அதிகம். நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொடி தப்பு என்று சொல்லவில்லை, பாலில் எடுக்கும் புரதம்தான் அது. ஆனால் அது இல்லாமல் நடக்காது என்பது பொய். நடந்தது.

என்ன நடந்தது? பட்டினியில் போன எடையில் ஏறத்தாழ பாதி ஜூலைக்குள் திரும்பி வந்து, ஆரம்பிக்கும்போது 83 கிலோ இருந்தேன். ஜனவரியில் 78. ஆறு மாதத்தில் வெறும் 5 கிலோ! போன வருடப் போட்டியில் கடைசிப் பரிசுகூடக் கிடைக்காது. ஆனால் இடுப்பு 38½ அங்குலத்திலிருந்து 34 ஆயிற்று. பஸ்கி வெறும் பாரிலிருந்து 73 கிலோ. தரையிலிருந்து தூக்குவது 98 கிலோ. போன வருடம் தராசு 9 கிலோ குறைவு காட்டியபோது பேன்ட் ஒரு அங்குலம்தான் தளர்ந்தது. இந்த வருடம் 5 கிலோவுக்கு நாலரை அங்குலம். நடுவில் இரண்டு மாதம் தராசு அசையவே இல்லை. போன வருடத்து நானாக இருந்தால் அந்த இரண்டு மாதத்தில் மறுபடி கட்டஞ்சாயாவுக்குப் போயிருப்பேன்.

தராசு பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. எடை வேறு, கொழுப்பு வேறு. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் போட்டோவையே போட்டுக் காட்டினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டன் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பின் லட்சணம் இது. கை கால் குச்சி, நடுவில் தொப்பை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பாவுக்கு 62 கிலோதான். யாரும் அவரைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள். மணிக்கட்டு என்னுடையதில் பாதி, சட்டைக்குள் ஒரு சின்னத் தொப்பை. 44 வயதில் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டில் வருகிற சர்க்கரையை அதிகமாக வாங்கிச் செலவழிக்கும் இடம் தசைதான் என்கிறார்கள். மில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தசை எங்கிருந்து வரும்? மூட்டைதான் நான் தூக்கிவிடுகிறேனே! எனக்கு இப்போது 19. நம்மில் எத்தனை பேர் வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறது என்று அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். 'ஒல்லியா இருக்கேன், எனக்கு என்ன' என்று இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

தோழியருக்கு ஒன்று. போட்டியில் நீங்களும் ஆறு பேர் சேர்ந்திருந்தீர்கள். அதில் ஒருவர் தலைசுற்றி லேப் விட்டுப் போனது எனக்குத் தெரியும். "பொம்பளைப் பிள்ளைங்க வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவாங்க" என்று யாராவது சொன்னால் மீராபாய் சானுவைக் காட்டுங்கள். 2021-ல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கினார், ஒரு தூக்கில் 115 கிலோ. நம் நெல்லைச் சீமையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும்போது பெண்கள் உரல் தூக்குகிற ஊர் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் மீசை முளைத்ததாகத் தகவல் இல்லை. ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் இருக்கிற அறை ஆண்களுக்கு மட்டும் என்று எந்தப் பலகையும் இல்லை. நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன்.

இப்போது பேரவைக்கு வருகிறேன். இந்த வருடமும் அதே போட்டியை, அதே தராசில், முதல் பரிசை இரட்டிப்பாக்கி நடத்தப்போவதாகக் கேள்வி. தயவுசெய்து வேண்டாம். உலகத்தில் பெரிய பெரிய வீரர்களே தராசு முன்னால் நிலைகுலைகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு வந்த வினேஷ் போகத் ராத்திரி முழுக்க உடற்பயிற்சி செய்து, வியர்த்து, முடியைக்கூட வெட்டிக்கொண்டும், காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் வெளியேற்றப்பட்டார். அவரைச் சுற்றி டாக்டர்கள் இருந்தார்கள். நம்மைச் சுற்றி லேத் இருக்கிறது, வெல்டிங் செட் இருக்கிறது, பவர் ஹாக்ஸா இருக்கிறது. பரிசுக்காகப் பட்டினி கிடந்தவன் அடுத்த முறையும் பக்கவாட்டில்தான் சாய்வான் என்று யார் உத்தரவாதம் தருவது?

போட்டி கட்டாயம் வேண்டுமென்றால் என் யோசனை இது. 30 நாள் வேண்டாம், ஒரு செமஸ்டர் வையுங்கள். தராசை மெஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள், இடுப்பை அளக்க டெய்லர் டேப் ஒன்று போதும். ஆரம்பத்திலும் முடிவிலும் கயிறு ஏறச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாரில் தொங்கி எத்தனை முறை மேலே வருகிறான் என்று எண்ணுங்கள். (போலீஸ் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு அங்கே கயிறு ஏறுவது எப்படியும் இருக்கிறது.) இடுப்பு குறைந்து, கயிற்றில் பழையதைவிட உயரம் போனவனுக்குப் பரிசு கொடுங்கள். பட்டினி கிடந்தவன் இதில் ஜெயிக்கவே முடியாது. நுழைவுக் கட்டணத்தில் சேர்கிற பணத்துக்கு ஹாட்பாக்ஸ் வாங்க வேண்டாம், கொண்டைக்கடலை வாங்கிச் சாயங்காலம் சுண்டல் போடுங்கள். மெஸ் கமிட்டியில் நமக்கு இரண்டு பிரதிநிதிகள் இருக்கிறார்களே, அவர்கள் அடுத்த கூட்டத்திலாவது வாயைத் திறந்து, வாரத்தில் நாலு நாள் முழு முட்டை, சாப்பிடாதவர்களுக்குப் பருப்பும் பாலும் என்று கேட்கட்டும். மெஸ் பில் கொஞ்சம் கூடும் என்பார்கள். பாதி முட்டைக்கு முழுப் பில் கட்டும்போது யாரும் அதைச் சொல்லவில்லையே!

'ரோடு ரோலர்' பெயர் இன்னும் இருக்கிறது. சிவில் பசங்க அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்கள். இப்போது கதவைச் சாத்திக்கொள்வதில்லை. அவர்களிலேயே இரண்டு பேர் சாயங்காலம் பார் தூக்க வருகிறார்கள். ஒருவன் மிக ஒல்லி, அவனுக்கும் அதே ஐந்து பயிற்சிதான், சாதம் மட்டும் மூன்று தட்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மூட்டை வந்து இறங்கியது. மார்போடு அணைத்துத் தூக்கி மேடையில் வைத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மோட்டாரைப் போட்டார். ராத்திரி நான் கொல்லையில் இருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அந்த உக்காந்து எந்திரிக்கிறது எப்படிடா, முட்டி வலி இருந்தா செய்யலாமா?" என்று கேட்டார். டாக்டரைக் கேட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். நாளைக்குப் பத்து. மோட்டார் ஓடும்போதே செய்கிறாராம், அம்மா போனில் சொன்னார்கள்.

அறைச் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் ஐந்தரை மணி. ஷூ இல்லையென்றால் வெறுங்காலோடு வரலாம், செருப்பு மட்டும் வேண்டாம். உடைந்த நாற்காலிகள் இன்னும் பாதி உள்ளேயே கிடக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக வெளியே எடுத்துப் போட்டால் கயிறு கட்ட இடம் கிடைக்கும்.